மலை எப்படி மாலை ஆனது?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். தருமபுரியில் ஒரு கல்லூரியில் பி.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், ஊர் அரூர் பக்கம். இந்த செமஸ்டரில் பாட்டெழுதும் பயிற்சியை விருப்பப் பாடமாக எடுத்தேன். பள்ளியிலிருந்தே கவிதை எழுதுகிறேன், யாப்பிலும் நல்ல மார்க். ஆனால் ஐயா ‘தான தனா தான தன்னே’ என்று ஒரு மெட்டைக் கொடுத்து எழுதச் சொன்னபோது ‘மலை மேல ஏறி வந்தேன்’ என்று பல்லவி எழுதினேன். பாடியதும் வகுப்பே சிரித்துவிட்டது. யாருக்கும் மலை கேட்கவில்லையாம், மாலை என்றுதான் கேட்டதாம். பாட்டெல்லாம் பிறவியிலேயே வரணும், காலேஜில் படித்தா வரும், பேசாமல் கம்ப்யூட்டர் பாடத்துக்கு மாறிக்கோ என்கிறார் மாமா. மாறிவிடலாமா? இன்னொன்று, பெங்களூரில் இருக்கும் நண்பர் ஒருவர் தன் குறும்படத்துக்குப் பாட்டு கேட்கிறார். எழுதிக் கொடுக்கலாமா?
— ஒரு மாணவன், அரூர்

பதில்: தம்பி, மாறாதே. வகுப்பு சிரித்த அந்த ஒரு வரியிலேயே நீ இந்த செமஸ்டர் முழுக்கக் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது.

உன் வரியை மெட்டின் மேல் வைத்து வாய்விட்டுப் பாடிப் பார். மெட்டின் முதல் எழுத்து ‘தா’, நெடில். அந்த இடத்தில் நீ வைத்தது ‘ம’, குறில். மெட்டு இழுக்கிற இடத்தில் பாடுகிறவர் இழுத்துத்தான் ஆகணும், ‘ம’ ‘மா’ ஆகிவிட்டது. அடுத்த ‘தனா’வில் முதல் எழுத்து குறில், அங்கே நீ ‘மே’ என்ற நெடிலை வைத்ததால் அது ‘மெ’ என்று சுருங்கியது. ஆக நீ மலை மேல ஏறி வந்தாய், கேட்டவர்களுக்கு மாலை மெல்ல ஏறி வந்தது. தமிழில் குறில் நீண்டால் சொல்லே மாறிவிடும், கல் கால் ஆகும், படம் பாடம் ஆகும், கலை காலை ஆகும். அதனால்தான் தாளில் அழகாக இருக்கிற வரி வாயில் வேறொன்றாகிவிடுகிறது.

இப்போது அந்த இரண்டு சொல்லையும் இடம் மாற்றிப் போடு: ‘மேல மலை ஏறி வந்தேன்’. தான தனா தான தன்னே. உட்கார்ந்துவிட்டது பார்! ஆனால் ‘மேல மலை’ என்றால் மேற்குப் பக்கத்து மலை என்றும் பொருள் வரும், அது உனக்குச் சரியா என்று நீதான் சொல்லணும். நானாக இருந்தால் ‘தீர்த்த மலை ஏறி வந்தேன்’ என்று எழுதுவேன், உன் ஊர்ப் பக்கத்து மலையே இருக்கும்போது பெயரில்லாத மலை எதற்கு? கணக்குப்படி ‘தீர்த்த’ என்பது ‘தாத்த’, நடுவில் வல்லின ஒற்று இருப்பதால் மெட்டு மெதுவாக வழுக்கிப் போகிற மாதிரி இருந்தால் கொஞ்சம் இடிக்கும், துள்ளலாக இருந்தால் பொருந்தும். உன் ஐயா கொடுத்த மெட்டு எந்த வேகம் என்று நீ எழுதவில்லை.

யாப்பில் நல்ல மார்க் வாங்கியும் ஏன் வரவில்லை என்று உனக்குக் குழப்பமாக இருக்கும். யாப்பில் அசை பிரிக்கும்போது தனிக்குறில், தனிநெடில், ஒற்றடுத்த குறில், ஒற்றடுத்த நெடில் நாலுமே நேரசைதான். க, கா, கல், கால் எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு. மெட்டுக்கு அப்படி இல்லை, அதற்கு நாலும் நாலு வேறு எடை. அந்த எடையைப் பார்ப்பதுதான் சந்தம், அது தத்த, தந்த, தன்ன, தய்ய என்று வல்லொற்று, மெல்லொற்று, இடையொற்று வரைக்கும் பிரித்துப் பார்க்கும். திருப்புகழ்ப் பதிப்புகள் பலவற்றில் பாட்டுக்கு மேலேயே சந்தக் குழிப்பை, அதாவது பாட்டின் சந்தத்தைத் தத்த, தன என்று காட்டும் வாய்பாட்டை, அச்சிட்டிருப்பார்கள். நூலகத்தில் ஒன்றை எடுத்து, பாட்டை மூடி வைத்துவிட்டு, மேலே இருக்கிற தத்தனத்துக்கு உன் சொல்லில் நாலு வரி எழுதிப் பார். பத்து நாள் இதைச் செய்தால் காது திறந்துவிடும், இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. யாப்பு வீணில்லை, எதுகை மோனை இயைபு எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது, ஆனால் அதற்கு மேல் ஒரு படி ஏறணும்.

இன்னும் இரண்டு சொல்கிறேன். ஐகாரம் வளைந்து கொடுக்கிற எழுத்து, சொல்லின் கடைசியில் ஒரு மாத்திரையாகக் குறுகும், மெட்டு கேட்டால் நீளவும் செய்யும். ‘மலை’யில் இருக்கிற ‘லை’ இரண்டு இடத்திலும் பிரச்சினை பண்ணாமல் போனது அதனால்தான். இதற்கு நேர் எதிர் குற்றியலுகரம். ‘வந்தது’, ‘காடு’ என்று அடியை முடித்துவிட்டு அந்த இடத்தில் மெட்டு நீண்டால், அரை மாத்திரை எழுத்தை நாலு மாத்திரைக்கு இழுத்து ‘வந்ததூ’ என்று பாட வேண்டியிருக்கும். நாட்டுப்புறப் பாட்டில் ‘வந்தேனே’, ‘போனாளே’ என்று ஏகாரத்தில் முடிப்பதைக் கவனித்திருப்பாய். வாய் திறந்து நிற்கிற எழுத்து அது, எவ்வளவு இழுத்தாலும் சொல் கெடாது.

எனக்கும் இது அடிபட்டுத்தான் தெரிந்தது. கிருஷ்ணகிரியில் ஒரு மாரியம்மன் திருவிழாவுக்காக ஆல்பம் போட்டார்கள், அதில் ‘கரகம்’ என்ற சொல்லை மெட்டு நீளுகிற இடத்தில் வைத்துவிட்டேன், பாட வந்த அம்மா எத்தனை முறை பாடினாலும் ‘காரகம்’ என்றே வந்தது. ஸ்டுடியோவுக்குப் பணம் கட்டியிருந்த நேரத்தில் முக்கால்வாசி அந்த ஒரு சொல்லிலேயே போய்விட்டது. கடைசியில் ‘பூங்கரகம்’ என்று மாற்றினோம், நெடில் முன்னால் வந்ததும் சரியாகிவிட்டது. அன்றிலிருந்து வாய்விட்டுப் பாடிப் பார்க்காத வரியை நான் யாரிடமும் கொடுத்ததில்லை.

வகுப்புக்கு வெளியே நீ போக வேண்டிய இடம் கூத்து. உங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து வைத்தால் இரவு முழுக்க உட்கார், முன்னால் வேண்டாம், ஹார்மோனியமும் மிருதங்கமும் இருக்கிற பின்பாட்டுக்காரர்கள் பக்கத்தில் போய் உட்கார். வேஷக்காரர் விட்ட அடியை அவர்கள் எடுக்கும்போது எந்த எழுத்தில் இழுக்கிறார்கள், எதை விழுங்குகிறார்கள் என்று கேள். விருத்தம் தாளமில்லாமல் போகும், சினிமாப் பாட்டில் வருகிற தொகையறா மாதிரி, அப்புறம் தரு என்கிற பாட்டு தாளத்தோடு பிடிக்கும். அந்த மாற்றத்தில் சொற்கள் எப்படிச் சின்னதாகின்றன என்பதை எந்தப் புத்தகத்திலும் கேட்க முடியாது.

பிறவியிலேயே வரணும் என்று மாமா சொல்வது உன் மேல் இருக்கிற அக்கறையில்தான். ஆனால் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து பெர்க்லி இசைக் கல்லூரியில் பாட்டெழுதுவதையே முதன்மைப் பாடமாக எடுத்துப் பட்டம் வாங்குகிறார்கள் என்று அவரிடம் சொல். அங்கே பாடம் நடத்திய பாட் பாட்டிசன் சொல்லித் தரும் ஒரு பயிற்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொண்டு காலையில் பத்து நிமிடம் மட்டும் எழுதணும், கண், காது, மூக்கு, நாக்கு, தோல் இந்த ஐந்தோடு உடம்புக்குள் என்ன நடக்கிறது, எது எப்படி அசைகிறது என்பதையும் சேர்த்து. இயைபு வேண்டாம், மெட்டு வேண்டாம், பத்து நிமிடம் முடிந்ததும் பேனாவை வைத்துவிடணும். நீ புளியை எடுத்து எழுது. புளி சீசனில் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் எத்தனை வீட்டுத் திண்ணையில் பெண்கள் உட்கார்ந்து தட்டிக் கொட்டை எடுக்கிறார்கள், அந்தச் சத்தம், விரலிடுக்கில் பிசுக்கு, நகத்தில் ஏறுகிற கறுப்பு, நாள் பூராவும் குனிந்து பிடித்துக்கொண்ட இடுப்பு. ‘நிலவு’, ‘தென்றல்’ என்று எழுதிக்கொண்டிருந்த கை ஒரு மாதத்தில் வேறு சொற்களைத் தேட ஆரம்பிக்கும். உன் ஊர்ச் சொல் வந்தால் வெட்கப்பட்டு மாற்றாதே.

குறும்படத்துக்குக் கொடு, தாராளமாகக் கொடு, ஆனால் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி பாட்டு வரி ஓர் இலக்கியப் படைப்பு, மெட்டு தனி, ஒலிப்பதிவு தனி. எழுதிய நிமிடமே உரிமை உனக்கு வந்துவிடும், பதிவு செய்தால்தான் என்று இல்லை. 2012இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர மற்ற பயன்பாட்டுக்கு வருகிற ராயல்டியில் எழுதியவருக்கு இருக்கும் பங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. யாராவது ‘எல்லா உரிமையும்’ என்று ஒரு தாளை நீட்டினால் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே. நண்பர் பணம் தர முடியாதவர் என்றால் பரவாயில்லை, பெயர் மட்டும் திரையில் சரியாக வரணும்.

பணத்துக்கும் முன்னால் அவரிடம் மெட்டைக் கேள். மெட்டு தயாராகிவிட்டதா, இல்லை நீ எழுதியதற்கு மெட்டுப் போடப் போகிறார்களா என்று தெரிந்துகொண்டு உட்கார், இரண்டும் வேறு வேறு வேலை. மெட்டு இருந்தால் அதைத் தத்தகாரமாக, ‘தான தனா’ என்கிற மாதிரி எழுதிக்கொள், அதையும் நீ எழுதிய சரணத்தையும் எனக்கு அனுப்பு.