365 நாளும் கறக்கிற மாடு எந்தச் சந்தையில் கிடைக்கிறது?

கேள்வி: எங்களுக்குச் செங்கம் பக்கம். 5 கலப்பின ஜெர்சி மாடுகள் இருக்கின்றன. கிணற்றுப் பாசனத்தில் 2 ஏக்கர், அதில் 1 ஏக்கர் கோ-4 தீவனப் புல். 9 லட்சம் கடன் வாங்கி இன்னும் 10 மாடு சேர்க்கலாம் என்று இருக்கிறோம். பி.சி.ஏ. படித்த மகன் பால் பண்ணை மென்பொருள் ஒன்றின் இலவசப் பதிப்பில் கணக்குப் போட்டான். மாடு பிடித்துத் தரும் ஏஜென்ட் மாட்டுக்கு 12 லிட்டர் என்றார். லிட்டருக்கு 36 ரூபாய், 11 சதவீத வட்டி, 5 வருடத் தவணை என்று போட்டதில், எல்லாம் போக மாதம் 40,000 ரூபாய் நிற்கும் என்று வருகிறது. ஆனாலும் எனக்குப் பயமாகவே இருக்கிறது. வருடம் 6,000 ரூபாய் கட்டினால் முழு வசதியும் கிடைக்குமாம். கட்டலாமா, இல்லை வேறு நல்ல மென்பொருள் இருக்கிறதா? கறவை என் மனைவி பார்க்கிறார். மூன்றாவது மாடு கன்று போட்டு 8 மாதம் ஆகியும் சினை நிற்கவில்லை. மற்றபடி எல்லாம் நலம்.

பதில்: கட்ட வேண்டாம். அந்த 6,000-க்குத் தாது உப்பு வாங்கிப் போடுங்கள். உங்கள் மகனுக்கு எக்செல் தெரியும், அது போதும். மென்பொருளில் தப்பு இல்லை. நீங்கள் கொடுத்ததைத்தான் அது பெருக்கியிருக்கிறது. 10 மாடு, 12 லிட்டர், 365 நாள்: வருடத்துக்கு 43,800 லிட்டர். முப்பது வருடம் சினை ஊசி போட்டவன் நான். 365 நாளும் ஒரே அளவு கறந்த மாட்டை ஏஜென்ட் வாயில்தான் பார்த்திருக்கிறேன்.

12 லிட்டர் என்பது கன்று போட்ட ஒன்றரை மாதத்தில் வரும் உச்சம். அதற்குப் பிறகு இறங்குமுகம்தான். உச்சத்தை 200-ஆல் பெருக்கினால் அந்த ஈத்தின், அதாவது அந்த ஒரு கன்றுக்குக் கறக்கிற, மொத்தப் பால் ஏறக்குறைய வந்துவிடும். உங்கள் மாட்டுக்கு 2,400 லிட்டர். அடுத்த கன்று 400 நாளில் விழுந்தால், 10 மாட்டுக்கும் சேர்த்து வருடத்துக்கு 21,900 லிட்டர்தான். மகன் போட்ட கணக்கில் சரிபாதி.

ரூபாயில் பாருங்கள். மாத வரவு 65,700. தவணை சுமார் 19,570. மீதியை 10 மாட்டுக்கும் பங்கிட்டால் ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு 154 ரூபாய். கலப்புத் தீவனம், வைத்தியம், மின்சாரம் எல்லாம் அதற்குள். பசும்புல் சொந்தமாக இருந்தால் தட்டுத்தடுமாறி ஓட்டலாம். உங்கள் 1 ஏக்கர் புல் இருக்கிற ஐந்து மாட்டுக்கே சரியாக இருக்கும். வருகிற பத்துக்கும் தினம் கால் டன் யார் தருவார்கள்? ஆகவே புல் நட்டு, முதல் அறுப்பு எடுத்த பிறகு மாடு. இதில் பேரம் இல்லை.

இனி நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் நடுவே உங்கள் வீட்டில் எத்தனை நாள் ஆகிறது? 21 நாளுக்கு ஒரு முறை வரும் சினைப் பருவத்தை நாலு தடவை கவனிக்காமல் விட்டால், 400 நாள் 480-ஐத் தாண்டிவிடும். பால் 18,250 லிட்டராகும். அந்த 154 ரூபாய் 117 ஆகிவிடும். பால் விலை குறையவில்லை, தீவனம் ஏறவில்லை. விடிகாலையில் தொழுவத்தை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பெருவெட்டான மடியைப் பார்த்து மாடு வாங்குகிற ஆட்கள், பருவம் பார்க்க அரை மணி நேரம் ஒதுக்கமாட்டார்கள். எந்த மென்பொருளிலும் இதற்கென்று ஒரு கட்டம் இருக்கும், காலியாகவே கிடக்கும்.

படுக்கப் போகுமுன் ஒரு தடவை, விடிவதற்கு முன் ஒரு தடவை பாருங்கள். வாலடியில் கண்ணாடி மாதிரி கோழை தொங்குகிறதா, பக்கத்து மாடு மேலே ஏறினால் நகராமல் நிற்கிறதா, கறவை திடீரென்று குறைந்ததா. கோடையில் சில மாடுகள் கத்தவே கத்தாது, கோழை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். காலையில் தெரிந்தால் மாலை ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. இதெல்லாம் கறக்கிற கைக்குத்தான் முதலில் தெரியும். பருவம் தெரிந்த நாளில் உங்கள் வீட்டம்மா தினசரி காலண்டரில் ஒரு சுழி போட்டால் போதும். கணக்கு வழக்கில் அவரை உட்கார வைக்காமல் 9 லட்சம் கடன் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை.

மகன் செய்ய வேண்டியது: மாட்டுக்கு ஒரு வரிசை, மாதத்துக்கு ஒரு கட்டம். முதல் கட்டத்தில் காது வில்லையின் 12 இலக்க எண், இன்சூரன்ஸுக்கும் அதுதான் ஆதாரம். பிறகு கன்று போட்ட தேதி, ஊசி போட்ட தேதி, சினை பார்த்த தேதி, கறவையை நிறுத்தி வற்ற விட்ட தேதி. முதல் வேலையாக, இருக்கிற 5 மாட்டுக்குப் போன வருடத்தை இப்படிப் போட்டு, பால் சொசைட்டி சீட்டோடு ஒத்துப் பார்க்கட்டும். போன வருடத்தையே சரியாகச் சொல்லாத கணக்கு வருகிற வருடத்தை எப்படிச் சொல்லும்?

மாதக் கட்டம் எதற்கு என்றால், 10 மாட்டையும் தை மாதம் ஒன்றாகப் பிடித்தால் கார்த்திகையில் ஒன்றாக வற்றும். அடுத்த கன்று விழும் வரை மூன்று மாதம் பால் வராது, தவணை மட்டும் வரும். ஆகவே இப்போது 5, ஆறு மாதம் கழித்து 5. கடனையும் இரண்டு தடவையாகக் கேளுங்கள்.

ஏஜென்ட் பேச்சு பற்றி ஒன்று. முந்தின வேளை கறக்காமல் மடியைக் கட்டி நிறுத்தினால் எந்த மாடும் 12 லிட்டர் மாடுதான். அடுத்தடுத்து மூன்று வேளை உங்கள் வீட்டம்மா கறந்து பார்க்கட்டும். அதற்குச் சம்மதிக்காதவரிடம் டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள். மாட்டோடு சேர்த்துப் புராஜெக்ட் ரிப்போர்ட்டும் இலவசமாகத் தருகிறவர் இன்னும் ஆபத்து.

"மற்றபடி எல்லாம் நலம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்றாவது மாடு நலமாக இல்லை. 8 மாதத்தில் ஏழெட்டுப் பருவம் போயிருக்க வேண்டும். எத்தனை கண்ணில் பட்டது, எத்தனை ஊசி போட்டீர்கள்? இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் காட்டிக் கருப்பையைச் சோதிக்கச் சொல்லுங்கள். அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள், பத்து மாட்டைப் பிறகு பேசுவோம்.