முதலில் தகட்டைப் பாருங்கள்

வணக்கம் ஐயா,

காலமான என் பெரியப்பாவின் 1966ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் கார் இப்போது எங்கள் வீட்டு முன்புறத்தில் நிற்கிறது. எஞ்சின் 289 கன அங்குல வி8. ஸ்டீயரிங் வலப்பக்கம் மாற்றப்பட்டது. ஓடிப் பல ஆண்டுகள் ஆகின்றன. வேலை முடிந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் நானே இதைச் சீர்செய்ய விரும்புகிறேன். பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டுப் புதிய ஐந்து லிட்டர் எஞ்சினை வைக்கச் சொல்கிறார்கள் நண்பர்கள். மங்கலான கறுப்பு வண்ணமும் அகலமான சக்கரங்களும் என் ஆசை. பெரியப்பா வைத்திருந்தபடியே விட வேண்டும் என்கிறார்கள் உறவினர்கள். தரையில் சில ஓட்டைகள் உள்ளன. ஃபைபர் ஒட்டிப் புட்டி பூசிவிடலாம் என்று ஒரு பட்டறைக்காரர் சொன்னார். வண்ணத்தை வீட்டிலேயே அடிக்கலாம் என்றிருக்கிறேன். அசலாக வைப்பதா, மாற்றுவதா? உங்கள் கருத்து என்ன?

க., செத்தாப்பாக், கோலாலம்பூர்

அன்புள்ள தம்பி,

பெரியப்பாவின் காரை வந்த விலைக்குத் தள்ளிவிடாமல் வைத்துக்கொண்டீர்களே, அதற்காகவே உங்களை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் எஞ்சினைப் பற்றியும் நிறத்தைப் பற்றியும் ஆசை ஆசையாக எழுதிவிட்டு, தரையில் ஓட்டை என்பதை மட்டும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். நான் பதில் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அண்மையில் பழைய கார்கள் கூடும் ஓரிடத்துக்குப் போயிருந்தேன். முகம் பார்க்கலாம் போல் மின்னிய ஒரு காரின் கதவில், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை வைத்தேன். கைப்பிடி அருகே கப்பென்று பற்றியது. அப்படியே கீழே இழுத்து வந்தேன். கதவின் அடிவிளிம்பை நெருங்கியதும் பிடிமானம் விட்டு என் உள்ளங்கையில் விழுந்தது. அங்கே இரும்பைத் தேடும் அளவுக்குப் புட்டி. அந்த மனிதருக்கு முகம் செத்துவிட்டது. காரை வாங்கக் கொட்டிய பணம் அவருக்கல்லவா தெரியும்! அன்றிலிருந்து என் மனதில் இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் கடிதமும் சரியாக வந்து சேர்ந்தது.

உங்கள் காருக்குத் தனியாக அடிச்சட்டம் (சேஸி) கிடையாது. தரை, பக்கவாட்டு விளிம்புகள், முன்பக்க உத்திரங்கள் எல்லாம் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்ட ஒரே கூடு அது. இருக்கையின் போல்ட்டும் இருக்கைவாரின் போல்ட்டும் இறங்குவது அந்தத் தரையில்தான். அதன்மேல் ஃபைபரை ஒட்டினால் வலு வராது. ஈரம் அடியில் சிக்கி, மிச்சமிருக்கும் இரும்பையும் தின்னும். மோதல் என்று ஒன்று வந்தால் உங்களைப் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? யோசித்தீர்களா? பட்டறைக்காரர் சொன்னாராம், இவர் கேட்டுக்கொண்டாராம்!

ஓட்டை எங்கிருந்து வந்தது என்றும் நீங்கள் பார்க்கவில்லை. முன்கண்ணாடிக்குக் கீழே காற்று புகும் துவாரங்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றின் அடியில் இரண்டு தகடுகளைப் பற்றவைத்துச் செய்த ஒரு பெட்டி இருக்கிறது. இலை தழைகள் அதில் சேரும். கோலாலம்பூரின் சாயங்கால மழை அதில் தேங்கும். உள்ளே காற்றுவழியைச் சுற்றியுள்ள விளிம்பு துருப்பிடித்ததும் தண்ணீர் நேராகக் கால்வைக்கும் இடத்தில் சொட்டும். இந்த வகை மஸ்டாங்குகளுக்கு இது பேர்போன நோய். விரிப்புகளை எடுத்துவிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச்சுடன் மல்லாந்து படுத்துக்கொண்டு, துவாரங்களில் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். சொட்டினால், பற்றவைத்த புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டு மேல்தகட்டைப் பிரித்துத்தான் சரிசெய்ய வேண்டும். அலுப்பூட்டும் வேலைதான். அதைச் செய்யாமல் புதுத் தரை போட்டால் அதுவும் அழுகும்.

தரையை வெட்டும் முன் கதவு வாசல்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களைப் பற்றவையுங்கள். இல்லாவிட்டால் கூடு தொய்ந்து, பிறகு கதவு மூடாது.

என் தாய்மாமா செந்தூல் ரயில்வே பட்டறையில் தகட்டு வேலை செய்தவர். 1945இல் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டுச் சிதைத்த பட்டறை அது. மீண்டும் எழுந்து, எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. பின்னாளில் அதன் வேலைகள் பத்து காஜா நகருக்குப் போய்விட்டன. மாமா விடுமுறை நாள்களில் வீட்டுக்குப் பின்னால் அக்கம்பக்கத்தார் கார்களை நிமிர்த்திக் கொடுப்பார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தகட்டைத் தடவி, மேடு பள்ளத்தைச் சுண்ணக்கட்டியால் குறிப்பார். பின்னால் ஓர் இரும்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, முன்னால் சுத்தியலால் மெதுவாகத் தட்டுவார். அடிபட்டு விரிந்துபோன இடத்தை மட்டும் ஒரு காசு அளவுக்குச் சிவக்கக் காய்ச்சி, ஈரத்துணியை வைப்பார். ‘சுர்’ரென்று ஆவி எழும், தகடு சுருங்கி இடத்துக்கு வரும். புட்டியே ஆகாது என்பவரல்ல அவர். நிமிர்த்திய தகட்டின் மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மிகாமல் பூசுவார். பள்ளத்தை நிரப்பக் கேட்டால் கோபம் வந்துவிடும்.

இந்தக் கைவேலை தெரிந்த பெரியவர்கள் செந்தூலிலும் கிள்ளானிலும் இன்னும் இருக்கிறார்கள். நம் பிள்ளைகள் யாரும் அவர்களிடம் போய் நிற்பதில்லை. பிள்ளை கையில் கரி படக்கூடாது என்று வளர்த்தவர்கள் நாம். பிள்ளைகளைப் படிக்கவைத்ததைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் தகப்பன் பாட்டன் கையில் இருந்த வித்தையை இழிவென்று நினைக்கப் பழகிவிட்டோமே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வார இறுதியில் அப்படி ஒருவரைத் தேடிப் போங்கள். கூலியாகக் கேட்பதைக் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள். முதலில் ஒரு பழைய கதவில் தட்டிப் பழகுங்கள்.

வண்ணத்தை வீட்டில் அடிக்கப்போகிறீர்களா? கூடவே கூடாது. கடினமாக்கி (ஹார்டனர்) கலந்து அடிக்கும் இன்றைய கார் பெயிண்டுகளில் ஐசோசயனேட் என்ற நச்சு வேதிப்பொருள் இருக்கிறது. அந்தப் புகை மூச்சில் போனால் தீராத ஆஸ்துமாவைக் கொடுக்கும். சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. செத்தாப்பாக் வரிசை வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் இருக்கிறது. துருவை நீக்கி எபாக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சு வரைக்கும் தூரிகையால் நீங்களே செய்யுங்கள், அதுவும் கையுறை போட்டுக்கொண்டு, காற்றோட்டத்தில். மேல்வண்ணத்துக்கு, வண்ணம் அடிக்கும் முறையான அறை உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

கறுப்பா சிவப்பா என்பது உங்கள் விருப்பம். எஞ்சினை மாற்றினால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி, புஸ்பாகோம் வாகனப் பரிசோதனை என்று அலைய வேண்டியிருக்கும். அந்தப் பேச்சு இப்போது வேண்டாம். அசல், அசல் என்னும் உறவினர்களிடம் ஒன்று சொல்லுங்கள். அந்த ஆண்டு மஸ்டாங்குகள் ஆலையிலிருந்து இடப்பக்க ஸ்டீயரிங்குடன்தான் வந்தன. உங்கள் காரை யாரோ ஏற்கெனவே வெட்டி மாற்றியிருக்கிறார். அதைச் செய்த கை எப்படிப்பட்டது என்று பாருங்கள். ஸ்டீயரிங் தண்டில் பற்றவைத்த தடம் தெரிந்தால், விவரம் அறிந்தவர் பார்த்துச் சொல்லும்வரை காரை நகர்த்தாதீர்கள்.

இன்னொன்று. 1966 மாடலில் பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒரே அறை கொண்டதுதான். இரட்டை அறை 1967இல்தான் வந்தது. ஒரு குழாய் ஒழுகினாலும் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் போய்விடும். கெந்திங் மலை இறக்கத்தில் அது நடந்தால் உங்கள் ஐந்து லிட்டர் என்ன செய்யும்? இரட்டை அறைச் சிலிண்டரும் புதுக் குழாய்களும் போடுங்கள். இந்த ஒரு மாற்றத்துக்கு உறவினர்களிடம் அனுமதி கேட்டு நிற்காதீர்கள். தரையும் பிரேக்கும் முடிந்ததும் படங்களோடு எழுதுங்கள். எஞ்சினைப் பற்றி அப்போது பேசுவோம்.