கடலூரில் நடக்கும் இளையோர் நாவல் எழுதுகிறேன். இருதுருவ மனநோய் உள்ள அம்மாவை நம்பும்படி காட்டுவது எப்படி?

முதலில் நோயின் வேகத்தைப் பிடியுங்கள். பித்துநிலை (மனமும் உடலும் அளவு மீறி வேகமெடுக்கும் கட்டம்) ஒரே ராத்திரியில் வெடிப்பது குறைவு. பெரும்பாலும் தூக்கம்தான் முதலில் குறையும்: மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு, களைப்பே இல்லாமல் விடியுமுன் வீட்டைக் கழுவிக்கொண்டிருப்பார். பிறகு ஓயாத பேச்சு, கடன் வாங்கிச் செலவு, எரிச்சல். தொடக்கத்தில் பிள்ளைக்கு இது நோயாகவே தெரியாது. அம்மா கலகலப்பாகிவிட்டார் என்று சந்தோஷப்படும். நாவலின் உயிர் அங்கேதான்.

மாத்திரை விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். இந்த நோய்க்குத் தரும் லித்தியம் மாத்திரை பலன் காட்ட ஒன்றிரண்டு வாரம் ஆகும். ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க, கடைசி வேளைக்கு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள்; வழக்கமான இலக்கு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல். சித்திரை வெயிலில் வியர்த்து, வயிற்றுப்போக்கும் சேர்ந்து உடம்பில் நீர் வற்றினால் அளவு எகிறும்: கை நடுக்கம், வாந்தி, நாக்குழறல், தள்ளாட்டம். தேவனாம்பட்டினம் பஸ்ஸில் பார்ப்பவர்கள் குடிபோதை என்பார்கள். (இந்தக் காட்சியை வீணாக்காதீர்கள்.) இபுப்ரோஃபென் வலி மாத்திரையும் அளவை ஏற்றும்.

‘குணமாகிவிட்டது’ என்று அம்மாவே மருந்தை நிறுத்துவது சகஜம். அட்டையில் மாத்திரை எண்ணுவது, புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குத் துணை போவது, லீவு லெட்டரில் ‘காய்ச்சல்’ என்று எழுதுவது எல்லாம் பிள்ளை தலையில் விழும்.

கதை 2022 அக்டோபருக்கு முன் நடந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணைப் பயன்படுத்தாதீர்கள். அந்தச் சேவை அப்போதுதான் தொடங்கியது.