இரண்டு நகர்த்தலில் மேட்: கறுப்பிலிருந்து தொடங்குங்கள்

சதுரங்கச் செயலிகளில் வரும் தந்திரப் புதிர்களை எளிதாகப் போட்டுவிடும் நீங்கள், "வெள்ளை ஆடி இரண்டு நகர்த்தலில் மேட்" (அதாவது, வெள்ளை தன் இரண்டாவது நகர்த்தலில் கறுப்பு ராஜாவைத் தப்ப வழியின்றி மடக்க வேண்டும்) என்று இயற்றித் தரப்படும் புதிர்களில் மட்டும் ஏன் திணறுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆடிய ஆட்டங்களிலிருந்து எடுக்கப்படும் புதிர்களில் முதலில் செக்கையும் அடுத்து வெட்டையும் பார்க்கும் பழக்கம் நன்றாகவே கைகொடுக்கும். இயற்றப்பட்ட புதிரிலோ செக் கொடுத்தோ காயை வெட்டியோ தொடங்குவதை அழகுக் குறைவாகக் கருதுவது மரபு என்பதால், புதிரை அமைப்பவர் பெரும்பாலும் அதைத் தவிர்த்துவிடுவார்.

ஆகவே வெள்ளையைச் சற்று ஒதுக்கிவிட்டு, இப்போது ஆட வேண்டியது கறுப்புதான் என்று வைத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மேட் தயாராக இருக்கிறதா என்று பார்ப்பதே என் வழக்கம். எந்த நகர்த்தலுக்குப் பதில் இல்லையோ, அங்கேதான் விடை ஒளிந்திருக்கும்.

அமெரிக்கச் சதுரங்க மேதை பால் மார்ஃபியின் பெயரில் 1856-இல் வெளியான சிறு புதிரைப் பலகையில் அடுக்கிப் பாருங்கள். வெள்ளைக்கு ராஜா சி8, யானை ஏ1, சிப்பாய் பி6. கறுப்புக்கு ராஜா ஏ8, பிஷப் பி8, சிப்பாய்கள் ஏ7, பி7. கறுப்பு ராஜாவுக்கு நகர இடமில்லை. பி7 சிப்பாயும் அடைபட்டிருக்கிறது. பிஷப் எங்கே போனாலும் யானை ஏ7-ஐ வெட்டி மேட். ஏ7 சிப்பாய் பி6-ஐ வெட்ட முடியாது, வெட்டினால் யானையின் செக் திறந்துவிடும். ஆனால் ஏ6-க்கோ ஏ5-க்கோ தாராளமாக முன்னேறலாம், அப்போது வெள்ளையிடம் மேட் இல்லை. அந்தச் சிப்பாயை நிறுத்த வேண்டும் என்பது தெரிந்தவுடன், யானை ஏ6-க்குப் போக வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது. பி7 சிப்பாய் அந்த யானையை வெட்டினால், வெள்ளைச் சிப்பாய் பி7-க்கு ஏறி மேட். பிஷப் நகர்ந்தால் பழைய பதிலே போதும். சும்மா இருக்க விதி இடம்கொடுத்தால் கறுப்பு தப்பித்திருக்கும்.

எல்லாப் புதிரும் இப்படி, கறுப்பு எதையாவது நகர்த்தியே ஆக வேண்டும் என்பதை நம்பிக் காத்திருக்கும் வகை அல்ல. கறுப்பின் பல நகர்த்தல்களுக்கு மேட் தயாராக இல்லையென்றால், முதல் நகர்த்தல் ஏதோ ஒரு மேட்டை மிரட்டுகிறது என்று கொள்ளலாம். அப்போது மூலையில் வேலையின்றி நிற்பதுபோல் தோன்றும் வெள்ளைக் காயைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். நல்ல புதிரில் தேவையற்ற காய் வைக்கப்படுவதில்லை.

இத்தகைய ஊகத்தை வைத்தே அமெரிக்கப் புதிர் அமைப்பாளர் சாம் லாயிட் விளையாடினார். மேட் கொடுக்கும் காய் எதுவென்று எப்போதும் சொல்லிவிடுவேன் என்ற நண்பரிடம், நிச்சயமாக மேட் கொடுக்காத காயைக் காட்டும்படி கேட்க, அவர் பி2 சிப்பாயைச் சுட்டினார். 1861-இல் அச்சான அந்த ஐந்து நகர்த்தல் புதிரில், அதே சிப்பாய்தான் பி4-இல் தொடங்கி, ஏ8-இல் ராணியாகி மேட் கொடுக்கிறது.

விடை கிடைத்ததாகத் தோன்றியதும் கறுப்பின் எல்லாப் பதில்களையும் ஒருமுறை சரிபாருங்கள். ஒரே ஒரு பதிலில் மட்டும் தோற்கும் போலி விடையை வேண்டுமென்றே வைப்பதும் இக்கலையின் பகுதி. சதுரங்கப் புதிர்களைத் தீர்க்கும் உலகப் போட்டியில், இரண்டு நகர்த்தலில் மேட் தரும் மூன்று புதிர்களுக்கு 20 நிமிடம்தான் தருகிறார்கள், வீட்டில் அந்த அவசரம் உங்களுக்கு வேண்டாம்.