பழ சாஸ்: அடுப்பை அணைக்க வேண்டிய பதம் எது?

கேள்வி: ஐஸ்கிரீமிலும் காலை உணவிலும் ஊற்றிச் சாப்பிடுவதற்காக வீட்டிலேயே ஸ்ட்ராபெர்ரி சாஸ் செய்து பார்த்தேன். முதல் முறை பழத்தையும் சர்க்கரையையும் சம எடையில் சேர்த்து அரை மணி நேரம் காய்ச்சினேன். அடுப்பில் இருக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தபோது கரண்டியே இறங்கவில்லை. இரண்டாம் முறை சர்க்கரையைக் குறைத்து, கார்ன்ஃபிளார் கரைத்து ஊற்றினேன். அன்றைக்குக் கெட்டியாக இருந்தது மறுநாள் நீர்த்துவிட்டது. மாவு வாடையும் அடித்தது. எங்கே தவறு செய்கிறேன்? மற்றப் பழங்களிலும் இப்படிச் செய்யலாமா? எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?

பதில்: நீங்கள் முதல் முறை செய்தது சாஸ் அன்று, ஜாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். 500 கிராம் ஸ்ட்ராபெர்ரியில் ஏறத்தாழ 455 கிராம் தண்ணீரும் 25 கிராம் அளவுக்கு இயற்கையான சர்க்கரையும் இருக்கின்றன. அதனுடன் 500 கிராம் சர்க்கரையைச் சேர்த்து, மொத்தம் 800 கிராமாகச் சுண்டும்வரை காய்ச்சினால், பாத்திரத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரையாகிவிடுகிறது. அந்த அடர்த்தியில், பழத்தில் இயல்பாகவே உள்ள பெக்டின் என்ற கெட்டியாக்கும் பொருளும் புளிப்பும் சர்க்கரையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, ஆறியதும் உறைந்துவிடும். ஜாம் உறைவது இப்படித்தான். அங்கே அது குணம், சாஸில் அதுவே குறை. மாறாக, அதே 500 கிராம் பழத்தில் 100 கிராம் சர்க்கரை மட்டும் சேர்த்து, 400 கிராமாகச் சுண்டும்போது நிறுத்தினால், சர்க்கரை மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே நிற்கும். குளிர்ந்த பிறகும் கரண்டியிலிருந்து வழிந்து விழும்.

இரண்டு முறையும் நீங்கள் சாஸை மதிப்பிட்டது அது கொதித்துக்கொண்டிருந்தபோது என்பதுதான் எனக்குத் தெரியும் அடிப்படைத் தவறு. சூட்டில் எந்தச் சர்க்கரைக் கரைசலும் இளகியே தெரியும். ஆற ஆறத்தான் அதன் உண்மையான கெட்டித்தன்மை வெளிப்படும். ஆகவே அடுப்பில் இருக்கும்போது ‘இன்னும் கொஞ்சம் நீர்த்திருக்கிறதே’ என்று தோன்றும் நிலைதான் அணைக்க வேண்டிய நிலை. பாகு காய்ச்சிப் பழகியவர்களுக்கு இங்கே கை பதறும். மேலும் இரண்டு நிமிடம் விட்டால் என்ன என்று தோன்றும். அந்த இரண்டு நிமிடத்தில்தான் பெரும்பாலான சாஸ்கள் ஜாமாகின்றன.

அளவைச் சொல்லிவிடுகிறேன். பழம் 500 கிராம், சர்க்கரை 100 கிராம், எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. ஸ்ட்ராபெர்ரியைக் காம்பு நீக்குவதற்கு முன்பே கழுவிவிட வேண்டும். காம்பை எடுத்துவிட்டுக் கழுவினால் அந்தக் குழி வழியே தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். பிறகு நான்காக வெட்டி, சர்க்கரையைப் போட்டுப் பிசிறி, அரை மணி நேரம் அப்படியே வையுங்கள். சர்க்கரை பழத்திலிருந்து சாற்றை வெளியே இழுத்துவிடுவதால், நீங்கள் திரும்பி வரும்போது பழத்துண்டுகள் தம் சாற்றிலேயே பாதி மூழ்கிக் கிடக்கும். இதன்பின் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்க்கத் தேவையில்லை. ஊற்றிய தண்ணீரை மறுபடியும் சுண்ட வைப்பதற்காக அதிக நேரம் கொதிக்கவிட்டால் பழத்தின் மணமும் ஆவியோடு போய்விடும். அதனால்தான் அரை மணி நேர ஊறலைத் தவிர்க்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

பாத்திரம் அகலமாகவும் அடி கனமாகவும் இருக்கட்டும். அகலமானால் நீர் சீக்கிரம் ஆவியாகும். அடி கனமானால் சர்க்கரை அடிப்பிடிக்காது. எவர்சில்வர் பாத்திரமே ஏற்றது. பூச்சில்லாத அலுமினியத்தையும் இரும்பையும் பழத்தின் புளிப்பு அரிக்கும். சாஸில் உலோகச் சுவை ஏறும், சிவப்பு நிறமும் மங்கும்.

நடுத்தரத் தீயில் கொதி வந்ததும் தீயைக் குறைத்து, அவ்வப்போது அடிவரை துழாவிக்கொண்டு, எட்டிலிருந்து பத்து நிமிடம் காய்ச்சுங்கள். முதல் சில நிமிடங்கள் வெளிர் இளஞ்சிவப்பு நுரை பொங்கி எழும். குமிழிகள் பெரிதாக வந்து உடனே உடையும். பிறகு நுரை தானாக அடங்கி, குமிழிகள் சிறுத்து, சாறு கண்ணாடிபோல் பளபளக்கத் தொடங்கும். அந்தப் பளபளப்பு வந்ததும் கரண்டியின் முதுகால் பாதிப் பழத்தை மட்டும் நசுக்கிவிடுங்கள். நசுங்கிய பாதி கெட்டித்தன்மை தரும், மீதிப் பாதி கடிக்கக் கிடைக்கும். குமிழிகள் சோம்பலாக எழுந்து பொத்பொத்தென்று வெடிக்கும் வரை காத்திருந்தால் நீங்கள் ஜாம் பக்கம் போய்விட்டீர்கள் என்று பொருள்.

பதத்தைக் கண்ணால் பிடிக்க வராத தொடக்க நாட்களில் ஒரு தராசு மிகவும் கைகொடுக்கும். வெறும் பாத்திரத்தின் எடையை முன்கூட்டியே குறித்துவையுங்கள். காய்ச்சும்போது ஒரு முறை பாத்திரத்தோடு இறக்கி, கனமான துணி விரித்த தராசில் வைத்து, துணியின் எடையையும் கழித்துப் பாருங்கள். உள்ளிருப்பது 400 கிராமுக்கு வந்திருந்தால் முடிந்தது. வெப்பமானி இங்கே பயன்படாது. ஜாம் 104, 105 டிகிரி செல்சியஸில் பதம் காட்டும். சாஸோ 100 டிகிரியைச் சற்றே தாண்டி நின்றுவிடும் என்பதால் அளவுமானியில் வித்தியாசம் தெரியாது. தராசு இல்லையென்றால் ஒரு சிறு பீங்கான் தட்டை ஃபிரீசரில் வைத்துக் குளிரவிட்டு, அதில் ஒரு தேக்கரண்டி சாஸை விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் நடுவே ஒரு கோடு இழுங்கள். கோடு மெதுவாக மூடிக்கொண்டால் சாஸ் தயார். உடனே மூடினால் இன்னும் இரண்டு நிமிடம் தேவை. மூடாமல் நின்று ஓரம் சுருங்கினால் மிஞ்சிவிட்டது. இரண்டு மூன்று மேசைக்கரண்டி வெந்நீர் விட்டுக் கலக்கினால் சரியாகிவிடும்.

எலுமிச்சைச் சாற்றையும் உப்பையும் அடுப்பை அணைத்த பிறகு சேருங்கள். சாறு கொதித்தால் அதன் புதுமணம் போய்விடும். சிவப்பு, நீலப் பழங்களின் நிறத்துக்குக் காரணமான ஆந்தோசயனின் புளிப்பில்தான் பளிச்சென்று சிவக்கும் என்பதால், சாறு விழுந்த கணத்தில் மங்கலாக இருந்த சாஸ் ஒளி பெறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இனி உங்கள் இரண்டாவது முயற்சிக்கு வருகிறேன். மாவு வாடை அடித்ததற்கும் மறுநாள் நீர்த்ததற்கும் ஒரே காரணம் இருக்கலாம்: மாவு முழுதாக வேகவில்லை. கார்ன்ஃபிளார் 65 டிகிரிக்கு அருகிலேயே உப்பத் தொடங்கிவிடும். அதனால் கரைசலை ஊற்றியதும் கெட்டியாவதுபோல் தெரியும், நாமும் அணைத்துவிடுவோம். ஆனால் 95 டிகிரியை நெருங்கிய பிறகுதான் அது முழுமையாகக் கெட்டிப்படும். 400 கிராம் சாஸுக்கு இரண்டு தேக்கரண்டி கார்ன்ஃபிளார் போதும். அதை இரண்டு மேசைக்கரண்டி குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் சாஸில் துழாவிக்கொண்டே ஊற்றி, மறுபடி தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் மட்டும் வைத்து இறக்குங்கள். அதற்கு மேல் கொதித்தாலும் ஆபத்துதான். பழத்தின் புளிப்பு மாவுச்சத்தை உடைத்து மீண்டும் நீர்க்கச் செய்துவிடும்.

இன்னொரு காரணத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. சுவை பார்த்த கரண்டியையே மறுபடி பாத்திரத்துக்குள் விட்டீர்களா? நம் எச்சிலில் உள்ள அமிலேஸ் என்ற நொதிக்கு மாவுச்சத்தைக் கரைப்பதுதான் வேலை. ஆறிய சாஸில் எச்சில்பட்ட கரண்டி ஒருமுறை போனால்கூட, கெட்டியாக இருந்தது மறுநாள் தளர்ந்துவிடக்கூடும். சூடாக்காத தேனிலும் இதே வகை நொதி உண்டு. ஆகவே மாவு சேர்த்த சாஸில் தேன் கலக்க வேண்டாம். கடையில் வாங்கும்போது வெள்ளைவெளேரென்று, விரலில் தேய்த்தால் நறநறவென்று ஒலிக்கும் கார்ன்ஃபிளாரைத்தான் வாங்க வேண்டும். மஞ்சள் நிற மக்காச்சோள மாவு வேறு பொருள், அது எவ்வளவு கொதித்தாலும் மாவு வாடையை விடாது. என்னைக் கேட்டால், தராசு வைத்துச் சுண்டக் காய்ச்சும் முறை கைவந்த பிறகு ஸ்ட்ராபெர்ரிக்கு மாவே தேவையில்லை. மாவு சேராத சாஸில் பழத்தின் சுவை தெளிவாக இருக்கும்.

மற்றப் பழங்களிலும் தாராளமாகச் செய்யலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. மாம்பழத்தை அதிகம் காய்ச்சக் கூடாது. அதன் சதை இயல்பாகவே கூழ் போன்றது. அரைத்து, 500 கிராமுக்கு 100 மில்லிலிட்டர் தண்ணீர் விட்டு, கொதி வந்து மூன்று நிமிடத்தில் இறக்கிவிடுங்கள். நன்கு பழுத்திருந்தால் சர்க்கரை 50 கிராமே போதும். புளிப்பு குறைவான பழம் என்பதால் எலுமிச்சையை இரு மடங்காக்குங்கள். அன்னாசியை நன்றாகக் கொதிக்க வைக்காமல் தயிரிலோ பாலிலோ கலக்கவே கூடாது. அதிலுள்ள புரோமெலைன் என்ற நொதி பால் புரதத்தைச் சிதைத்துச் சிறிது நேரத்தில் கசப்பாக்கிவிடும். ஐந்து நிமிடக் கொதியில் அது செயலிழந்துவிடும். கிவி, பப்பாளி ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். ஆப்பிளில் பெக்டின் அதிகம், சாறு குறைவு. 150 மில்லிலிட்டர் தண்ணீர் சேர்த்து மூடி வேகவைத்து, மற்றப் பழங்களைவிட இளகலாகவே இறக்க வேண்டும். திராட்சையையும் ராஸ்பெர்ரியையும் வேகவைத்த பின் வடிகட்டியில் கரண்டியால் தேய்த்து விதைகளை நீக்குங்கள். மிக்ஸியில் அடித்தால் திராட்சை விதை நொறுங்கித் துவர்ப்பு இறங்கும். காற்றும் புகுந்து நிறம் வெளுக்கும்.

உறைந்த பழம் சாஸுக்குக் குறைந்ததன்று. உறையும்போது உண்டாகும் பனிப் படிகங்கள் பழத்தின் செல்சுவர்களைக் கிழித்துவிடுவதால் சாறு தானே வெளிவரும்; ஊறவைக்க வேண்டியதில்லை, உருகவைக்கவும் வேண்டாம். சர்க்கரையுடன் நேரே அடுப்பில் ஏற்றி, நாலைந்து நிமிடம் கூடுதலாகக் காய்ச்சுங்கள். உறைந்த பெர்ரிகளைக் குறைந்தது ஒரு நிமிடமாவது கொதிக்க வைப்பது அவசியம். சில வைரஸ்கள் உறைநிலையில் அழிவதில்லை.

ஐஸ்கிரீமுக்கும் காலை உணவுக்கும் ஒரே சாஸ் போதும். பரிமாறும் விதம்தான் மாறும். குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு மட்டுப்பட்டே தெரியும் என்பதால், ஐஸ்கிரீமுக்கு என்று தனியாகச் செய்தால் 20 கிராம் சர்க்கரை கூட்டலாம். பான்கேக்கிலும் ஓட்ஸிலும் வெதுவெதுப்பாக, சற்று இளக்கி ஊற்றுங்கள். தயிருக்குக் குளிர்ந்ததாகவே இருக்கட்டும். வீட்டில் ஒரு வயது நிறையாத குழந்தை இருந்தால் சர்க்கரைக்குப் பதில் தேன் சேர்த்த சாஸை அதற்குத் தரவே வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய, பொட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் வீட்டு அடுப்பின் கொதியில் அழியாது.

கெடாமல் இருக்கும் நாள் சர்க்கரையைப் பொறுத்தது. ஜாமைக் காப்பாற்றும் அளவு சர்க்கரை இதில் இல்லை. எனவே எவ்வளவு சுத்தமான பாட்டிலில் ஊற்றினாலும் வெளியே வைக்கக் கூடாது. ஆறியதும், இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள், 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே குளிரும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஈரமில்லாத கரண்டியால் எடுத்தால் ஒரு வாரம் நன்றாக இருக்கும். சர்க்கரையை 50 கிராமாகக் குறைத்திருந்தால் நான்கைந்து நாளில் முடித்துவிடுவது நல்லது. மேலே ஒரு புள்ளி பூஞ்சை தெரிந்தாலும் அந்த இடத்தை மட்டும் வழித்துவிட்டு மீதியை உண்ண வேண்டாம். இளகிய உணவில் அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் கீழே இறங்கியிருக்கும்.

அதிகமாகச் செய்தால் ஐஸ் தட்டுகளில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளைப் பையில் போட்டு ஃபிரீசரில் மூன்று மாதம் வைக்கலாம். கார்ன்ஃபிளார் சேர்த்ததை மட்டும் உறையவைக்காதீர்கள். உருகும்போது தண்ணீர் தனியே பிரிந்துவிடும். மாவில்லாத சாஸ் என்றால், இரவே இரண்டு கட்டிகளை ஒரு கிண்ணத்தில் எடுத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டால், காலையில் ஓட்ஸ் வேகும் நேரத்துக்கு ஊற்றத் தயாராக இருக்கும்.