பண்டைய வரலாற்றில் ஒன்றில் நிற்காமல் தாவிக்கொண்டே இருப்பது நேர விரயமா?

"கணக்கு எழுதும் வேலை. ஒரு மாதம் கல்வெட்டு, அடுத்த மாதம் பழங்காசு, அப்புறம் ரோம், அப்புறம் கற்கோடரி என்று தாவுகிறேன். வரலாற்றில் பட்டம் கிடையாது. ஏதாவது ஒன்றைப் பிடி, இல்லையென்றால் எல்லாவற்றையும் விடு என்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். தாவுவதை அவர்கள் குறை சொல்வது ஒரு சாக்குதான். பட்டம் இல்லை என்பதைத்தான் சுற்றி வளைத்துச் சொல்லிக்காட்டியிருப்பார்கள். எனக்கும் அதே பேச்சு கிடைத்திருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தாவுங்கள். யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.

நான் சேலம் செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. வெள்ளியை உருக்குவது, கம்பி இழுப்பது, பத்த வைப்பது (துண்டுகளைச் சூட்டில் ஒட்டுவது), மெருகு போடுவது, இதுதான் என் உலகம். பழங்காசு மேல் ஆசை வந்ததும் வெள்ளியால்தான். ஒரு கண்காட்சியில் ரோமானியப் பேரரசர் திபேரியஸ் காலத்து தினாரியஸ் என்ற வெள்ளிக்காசு ஒன்றைக் கண்ணாடிக்குள் பார்த்தேன். இந்த வகைக் காசு நம் சேலம் மாவட்டத்துக் கோனேரிப்பட்டியிலேயே கிடைத்திருக்கிறது. ரோமாபுரி வெள்ளி இங்கே எதற்கு வந்தது என்று கேட்கப் போனால் மிளகு வருகிறது. வருஷா வருஷம் இந்தியா 5 கோடி செஸ்டர்ஸை (ரோமானியப் பணம்) உறிஞ்சிக்கொள்கிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பியது வருகிறது. "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" என்ற அகநானூற்று வரி வருகிறது, கறி என்றால் மிளகு. அங்கிருந்து கரூர். அமராவதி ஆற்று மணலில் கிடைத்த 'மாக்கோதை' என்று பெயர் பொறித்த காசில் சேர அரசன் முகம் ரோமானியப் பாணியில் இருக்கிறது. கரூர் வரை போனவன் பக்கத்தில் புகளூர் ஆறுநாட்டார் மலை ஏறாமல் வர முடியுமா? அங்கே சமணத் துறவிக்குக் கல்லில் படுக்கை வெட்டிக் கொடுத்த செய்தியோடு சேர மன்னர் மூன்று தலைமுறை, தாத்தா, மகன், பேரன் என்று தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் இருக்கிறார்கள். நடுவில் இருப்பவரைத்தான் தகடூரை வென்ற பெருஞ்சேரல் இரும்பொறை என்று அறிஞர்கள் பொருத்திக் காட்டுகிறார்கள். தகடூர் என்றால் நம் தர்மபுரி. அந்தத் தகடூர் அதியமான் பெயர் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் 1981-இல் கிடைத்த கல்வெட்டில் 'ஸதியபுதோ' என்ற பட்டத்தோடு இருக்கிறது. அசோகன் கல்வெட்டில் வரும் அதே பட்டம்.

இதில் எந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும், சொல்லுங்கள். காசோடு நின்றிருந்தால் அதியமானிடம் போயிருக்கவே மாட்டேன். காசு, கல்வெட்டு, பாட்டு, ரோம் என்று பிரித்து வைத்தது படிக்கிற வசதிக்காக நாம் செய்துகொண்டது. அந்தக் காலத்து ஆளுக்கு எல்லாம் ஒரே சந்தை, ஒரே வழி.

இப்போது என் சொந்தக் கதை. முத்திரைக் காசு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அச்சு வைத்து ஒரே அடியில் அடித்த காசு இல்லை. வெள்ளித் தகட்டைத் துண்டு துண்டாக வெட்டி, எடை பார்த்து, அதிகமாக இருந்தால் மூலையை வெட்டிக் குறைத்து, ஒவ்வொரு சின்னத்தையும் தனித்தனி முத்திரையால் அடிப்பார்கள். மௌரியர் காலத்துக் காசில் ஒரு பக்கம் ஐந்து முத்திரை இருக்கும், எடை ஏறத்தாழ 3.4 கிராம். படிக்கும்போது ஒன்றும் தோன்றவில்லை. நல்ல படங்களை உற்றுப் பார்த்தபோது கை அரித்தது. காரணம், நிறையக் காசுகளின் ஓரத்தில் வெடிப்பு இருந்தது.

அந்த வெடிப்பு எனக்குத் தெரிந்த வெடிப்பு. வெள்ளியைத் தட்டத் தட்ட அது விறைக்கும். நடுவில் நெருப்பில் காட்டிச் சிவக்கவிட்டு ஆற்றினால்தான் மறுபடி இளகும். அவசரத்தில் சூடு காட்டாமல் தட்டினால் முதலில் ஓரம் பிளக்கும். செம்பு கூடுதலாகக் கலந்த வெள்ளி என்றால் இன்னும் சீக்கிரம். பட்டறையில் புதிதாகச் சேருகிற பையன் கையில் நடக்கிற சமாச்சாரம் இது.

செய்தே பார்த்துவிட முடிவு செய்தேன். வேலை முடிந்த பிறகு மாமாவிடம் (பட்டறை அவருடையது) கேட்டுக் கொஞ்சம் துண்டு வெள்ளி வாங்கினேன். மூசையில் (உருக்கும் மண் குடுவை) உருக்கி, பட்டை ஊற்றி, பட்டடையில் (அடிகல்) வைத்துத் தட்டித் தகடாக்கினேன். ஒரு பட்டைக்கு முறையாகச் சூடு காட்டினேன், இன்னொன்றுக்கு வேண்டுமென்றே காட்டவில்லை. உளியால் துண்டு போட்டு தராசில் வைத்தால் 3.6. ஒரு மூலையை வெட்டினேன், 3.5. எதிர் மூலையிலும் கொஞ்சம் எடுத்தேன், சரியாக வந்தது. பழைய காசுகளின் மூலை ஏன் அப்படிக் கோணல்மாணலாக இருக்கிறது என்பது அந்த நிமிடம் என் விரலுக்குப் புரிந்தது. காசடித்தவனுக்கு வடிவம் முக்கியமே இல்லை, எடைதான் முக்கியம். பிறகு இரும்புக் கம்பி முனையில் சூரியனையும் மற்றச் சின்னங்களையும் அரத்தால் ராவி முத்திரை செய்து அடித்தேன். ஐந்தாவது முத்திரைக்கு இடமே இல்லை, நான்காவதின் மேல் ஏறி உட்கார்ந்தது. நிஜக் காசிலும் அப்படித்தான் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். சூடு காட்டாத துண்டு இரண்டு இடத்தில் ஓரம் பிளந்தது. மாமா எட்டிப் பார்த்து, "என்ன கண்ணு, காசடிக்கிறியா?" என்றார். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடிச்சவன் அவசரக்காரன்" என்றார். அவர் என் துண்டைச் சொல்லவில்லை, நான் பக்கத்தில் வைத்திருந்த பழைய காசின் படத்தைச் சொன்னார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு கருத்தரங்கில் பழங்காசு பற்றிப் பேச்சு. வெடிப்புள்ள காசைத் திரையில் காட்டி, மண்ணுக்குள் கிடந்த சேதாரம் என்று ஒரே வரியில் கடந்து போனார் பேசியவர். கேள்வி நேரத்தில் எழுந்து, தட்டும்போதே வந்த பிளவாகவும் இருக்கலாமே ஐயா, சூடு போதாமல் தட்டினால் இப்படித்தான் ஓரம் போகும் என்றேன். "நீங்க எந்தக் காலேஜ்?" என்று கேட்டார். "கொலுசுப் பட்டறைங்க" என்றேன். அரங்கத்தில் சிரிப்பு. "அடுத்த கேள்வி" என்றார். அவ்வளவுதான். கேட்டது சரியா தப்பா என்றுகூட யாரும் சொல்லவில்லை. யார், எங்கே என்று எழுத மாட்டேன், பின்னூட்டத்திலும் கேட்காதீர்கள்.

எல்லா வெடிப்பும் பட்டறையில் வந்தது என்று நான் சாதிக்கவில்லை. பல நூற்றாண்டு மண்ணில் கிடந்த வெள்ளி தானே நொறுங்கும் என்பதும் உண்மை. நான் சொன்னது கை அனுபவம், ஆய்வு முடிவு என்று எங்கும் உரிமை கொண்டாடவில்லை. "போலிக் காசு தயாரிக்கிறார்" என்று ஒருவர் கட்டாயம் எழுதுவார், அவருக்கும் சொல்லிவிடுகிறேன்: நான் அடித்த ஒவ்வொன்றின் பின்புறமும் எங்கள் பட்டறை முத்திரை இருக்கிறது, ஒன்றைக்கூட வெளியே கொடுத்ததில்லை.

சிரித்தவர்களுக்கு அன்று சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன். அசோகனின் பிராமி எழுத்தை 1837-இல் படித்துக் காட்டிய ஜேம்ஸ் பிரின்செப் என்ன வேலையில் இருந்தார் தெரியுமா? நாணயச் சாலையில் மாற்று, அதாவது உலோகத்தின் தரம், பார்க்கும் வேலை. வெள்ளி எத்தனை டச் என்று எங்கள் கடைத்தெருவில் தினமும் பார்க்கிறோமே, அதே வேலை. புகளூர்க் கல்வெட்டைச் சேரர் கல்வெட்டு என்று நிறுவிய ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரி, படித்தது வேதியியலும் சட்டமும். 1863 மே 30-ஆம் தேதி பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் ஃபுட் நிலவியல் துறைக்காரர், பாறைகளைப் பார்க்கத்தான் அவருக்குச் சம்பளம். அவர் பிற்காலத்தில் வாழ்ந்தது நம் ஏற்காட்டில்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு நான் போவதும் அவர் வழியாகத்தான். புதிய கற்காலக் கோடரிகள் நிறையக் கிடைத்த மலை இது. மலைவாழ் மக்கள் அவற்றைப் பொறுக்கி வந்து மரத்தடிச் சாமியிடம் வைத்துவிடும் வழக்கம் அவர் காலத்திலேயே இருந்திருக்கிறது. அப்படி வைத்த கல் ஒன்றை ஒரு பெரியவர் அனுமதியோடு கிட்ட உட்கார்ந்து பார்த்தேன். ஒரு முனை குறுகி, வெட்டு வாய் மட்டும் வழவழவென்று இருந்தது. எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் தேய்த்த கோடுகள் எல்லாம் ஒரே திசையில் ஓடின. மணலும் தண்ணீரும் போட்டுப் பாறையில் எத்தனை பொழுது தேய்த்திருப்பான்! மெருகு போடுகிறவனுக்குத்தான் அந்தத் தோள்வலி தெரியும். தொட வேண்டுமா என்று அவரே கேட்டார். வேண்டாம் என்றேன், சாமி அது. தயவுசெய்து நீங்களும் எங்கும் எதையும் எடுத்து வராதீர்கள். மண்ணுக்கடியில் புதையல் கிடைத்தால், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு இருந்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்கச் சொல்லி 1878-லேயே சட்டம் இருக்கிறது.

மெருகு என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எங்கள் ஊர்க் கொலுசு எந்தெந்த ஊர்க் கடைகளிலோ கண்ணாடிப் பெட்டிக்குள் மின்னுகிறது. அதில் சேலம் என்ற பெயர் இருப்பதில்லை. பத்த வைக்கிறவருக்கு நாற்பது வயதுக்குள் கண் மங்குகிறது. வெள்ளி விலை ஏறினால் வாடிக்கையாளர் குறைக்கச் சொல்வது எங்கள் கூலியை, விலை இறங்கினாலும் அந்தக் கூலி ஏறுவதில்லை. கைவேலை அழிகிறதே என்று மேடையில் வருந்துகிறவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு மிஷின் கொலுசு வாங்குவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கணக்கர். அது குறை இல்லை, உங்களுடைய வாசல். தமிழ்நாட்டுக் கோயில் கல்வெட்டில் பெரும்பகுதி கணக்குதான்: நில அளவு, வரி, நெல், வட்டி. ஒரு நந்தா விளக்கு (அணையா விளக்கு) எரிய 96 ஆடு கொடுத்தான், நாளொன்றுக்கு உழக்கு (நாழியில் கால் பங்கு) நெய் அளக்க வேண்டும் என்று சோழர் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும், சில இடத்தில் 90. ஆடு செத்தாலும் கிழடானாலும் கணக்கில் எண்ணிக்கை குறையக் கூடாது, அதற்குத்தான் 'சாவா மூவாப் பேராடு' என்று வெட்டி வைத்தார்கள். முதல் அப்படியே நிற்க வேண்டும், வட்டி நெய்யாக வர வேண்டும். இதை என்னைவிட உங்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

தலைவாசல் பக்கம் ஆறகளூர் காமநாதீசுவரர் கோயிலுக்கு ஒரு விடுமுறை நாளில் போய் வாருங்கள். இந்தப் பகுதியை ஆண்ட வாணகோவரையர் காலத்துச் சுவர்கள், பக்கத்திலேயே தியாகனூரில் புத்தர் இருக்கிறார். காலை அல்லது சாயங்கால வெயிலில் போனால் எழுத்து தானாகப் பள்ளம் காட்டும், சுண்ணாம்போ மாவோ பூச வேண்டாம். அதற்கு முன் வீட்டில் ஒரு தாளை எடுத்து, 96 ஆட்டுக்கு நாளைக்கு உழக்கு நெய் என்றால் ஆட்டுக்கு எவ்வளவு விழுகிறது, மேய்த்தவனுக்கு மீதி என்ன நின்றிருக்கும் என்று போட்டுப் பாருங்கள். விடையை இங்கேயே எழுதுங்கள், எனக்கும் தெரிய வேண்டும்.