கேட்டீர்கள், சொல்கிறோம்: ஐந்தில் மூன்று கணக்கு

கே: 1607-ல் அமெரிக்காவின் ஜேம்ஸ்டவுனில் இறங்கிய ஆங்கிலேயர்கள் மீன் துள்ளும் ஆற்றங்கரையில் இருந்துகொண்டே மாண்டது ஏன்?

ப: முதல் தவறு இடம். ஸ்பானியக் கப்பல்களின் கண்ணில் படாது, கரையை ஒட்டியே கப்பலை நிறுத்திக் கட்டிவைக்கலாம் என்று ஒரு சதுப்பு மேட்டைப் பிடித்தார்கள். கோடையில் ஜேம்ஸ் ஆற்றில் நீர்வரத்து குறைந்ததும் கடல்நீர் மேலேறியது. குடித்தது உப்புத் தண்ணீர். தங்கள் கழிவும் அதிலேயே. போதாக்குறைக்குக் கடும் வறட்சி, பூர்வகுடியினரிடமும் விற்கச் சோளம் மிச்சமில்லை. இறங்கியவர்கள் 104 பேர். அடுத்த ஜனவரியில் எஞ்சியவர்கள் 38.

கே: 1787 அமெரிக்க அரசியல் சட்டம் அடிமையை ஐந்தில் மூன்று பங்காகத்தான் எண்ணியதாமே! முழுதாக எண்ணியிருந்தால் அவர்களுக்கு நியாயம் கிடைத்திருக்குமா?

ப: தலைகீழ். முழுதாக எண்ணச் சொன்னவர்களே அடிமை வைத்திருந்த தென் மாநிலத்தவர்கள்தான்! அடிமைகளுக்கு ஓட்டு கிடையாது. அவர்கள் தலையை எண்ணி நாடாளுமன்றத்தில் கிடைக்கும் இடங்கள் எஜமானர்களுக்கு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மாநிலத்தில் சுதந்திரமானவர்கள் 3 லட்சம், அடிமைகள் 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 2 லட்சத்தில் ஐந்தில் மூன்று 1,20,000, ஆக 4,20,000. பிரதிநிதிகள் சபையில் 30,000 பேருக்கு ஓர் இடம் என்றால் 14. அடிமைகளைச் சேர்க்காவிட்டால் 10தான். அந்த நாலு இடமும் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் குழுவிலும் அப்படியே ஏறும். 1800 அதிபர் தேர்தலில் அந்தக் குழுவின் வாக்குகள்: தெற்கத்தியரான ஜெஃபர்சனுக்கு 73, வடக்கத்தியரான ஆடம்ஸுக்கு 65. இந்தக் கூடுதல் இல்லாவிட்டால் முடிவு மாறியிருக்கும் என்பது பல வரலாற்றாசிரியர்களின் கணிப்பு.

வேடிக்கை என்னவென்றால், இதே விகிதம் 1783-ல் வரிப் பங்கீட்டுக்காகப் பேசப்பட்டபோது, அடிமைகளைக் குறைத்து எண்ணுங்கள் என்று மன்றாடியதும் தெற்குதான்.

இவ்வளவு இருந்தும் வடக்கின் மக்கள்தொகை வேகமாகப் பெருகி, சபை தெற்கின் கையை விட்டுப் போனது. மிஞ்சியது மாநிலத்துக்கு இரண்டு இடமுள்ள மேலவையான செனட். அதனால்தான் புது மாநிலம் ஒவ்வொன்றுக்கும் அப்படிச் சண்டை. 1820-ல் மிசௌரி அடிமை மாநிலம் என்றால் மெய்ன் சுதந்திர மாநிலம் என்று ஜோடி சேர்த்தார்கள். 1850-ல் கலிஃபோர்னியா ஜோடியில்லாமல் நுழைந்தது. 15-க்கு 15 என்றிருந்த தராசு 16-க்கு 15 ஆகிச் சாய்ந்தது.

கே: 1860 அதிபர் தேர்தலில், தெற்கில் வாக்குச்சீட்டில் பெயரே இல்லாமல் லிங்கன் எப்படி ஜெயித்தார்?

ப: அப்போது வாக்குச்சீட்டை அரசு அச்சிடாது, கட்சிகளே அச்சிட்டு விநியோகிக்கும். தெற்கின் 9 மாநிலங்களில் லிங்கனின் குடியரசுக் கட்சிச் சீட்டை நீட்ட ஆளில்லை. தென் கரோலினாவில் மக்கள் வாக்கே இல்லை, சட்டமன்றமே முடிவு செய்தது. ஆனாலும் வாக்காளர் குழுவில் தேவைப்பட்டது 152. வடக்கும் மேற்கும் சேர்ந்தே 180 கொடுத்துவிட்டன. 1860 டிசம்பர் 20-ல் தென் கரோலினா அமெரிக்க ஒன்றியத்திலிருந்து விலகியது.